டப்பாவில் 40 டாலர்

ஸ்கார்பரோ, டொராண்டோ, கனடா,
ஞாயிறு இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

மாமாவுக்கும் அம்மாவுக்கும் என் வணக்கத்தைச் சொல். இங்கே ஏப்ரல் பிறந்தும் குளிர் விட்டபாடில்லை. அங்கே சித்திரைத் திருவிழா நெருங்கிவிட்டது, மேலூரிலிருந்து எப்போது மதுரைக்குப் போகிறீர்கள் என்று எழுது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் மாப்பிள்ளை போனில் "மாமா, நீங்க எந்த ஆப்ல பெட் கட்டுறீங்க?" என்று கேட்டான். நானும் சிரித்துத் தொலைத்தேன். ஸ்பீக்கரில் நீ கேட்டுக்கொண்டிருந்தது எனக்கெங்கே தெரியும்? "அப்பன் புத்தி அப்படியே வந்திருக்கு" என்று அம்மா சொன்னது வரைக்கும் காதில் விழுந்தது. போனில் விளக்கினால் பாதியிலேயே நீ குறுக்கே பேசுவாய். அதனால்தான் கடிதம்.

நான் பார்ப்பது பேஸ்கட் பால். உன் ஆட்டம். ரேஸ் கோர்ஸ் மைதானத்தில் மாவட்டப் போட்டிக்கு நீ போனபோது உன் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தவன் நான்தானே. இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் நான் இருக்கும் இந்த ஒன்டாரியோ மாகாணத்துக்காரர்தான். 1891இல் அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில் வாத்தியாராக இருந்தபோது பீச் பழக் கூடைகளை மாட்டி ஆட வைத்தாராம். கூடைக்கு அடி திறந்திருக்காது, பந்து விழுந்தால் ஏறித்தான் எடுக்க வேண்டும். உங்கள் பள்ளிக்கூடத்து வளையத்தில் வலையே கிடையாது, பந்து உள்ளே போனதா வெளியே போனதா என்று சண்டை நடக்கும். அதுவும் ஞாபகம் வந்தது.

எங்கள் ஊர் அணியான டொராண்டோ ராப்டர்ஸ் ஆடும் அரங்கத்தில் கிட்டத்தட்ட 20 ஆயிரம் பேர் உட்காரலாம். கென்னடி ஸ்டேஷனில் ரயில் ஏறி, நடுவில் ஒருமுறை மாறி, யூனியனில் இறங்கினால் குளிரில் கால் வைக்காமலே உள்ளே போய்விடலாம். என் சம்பளத்துக்குக் கூரையை ஒட்டின வரிசைதான். ஒரே ஒரு தடவை வேலையிடத்தில் யாரோ போக முடியாமல் கொடுத்த டிக்கெட்டில் கீழே உட்கார்ந்தேன். அக்கா, மேலேயிருந்து பார்ப்பது வேறு ஆட்டம், கீழே நடப்பது வேறு ஆட்டம். ஷூ தரையில் கிறீச்சிடுவது பல்லைக் கூச வைக்கும். எதிரணிக்காரன் ஃப்ரீ த்ரோ போட நின்றான். கூடைக்குப் பின்னால் இருந்தவர்கள் நீளநீளக் குச்சி பலூன்களை ஆட்டிக் கத்துகிறார்கள். அவன் பந்தை மூன்று தடவை தட்டினான், உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்தான், இந்தக் கூட்டமே இல்லாத மாதிரி மூச்சு விட்டான். போட்டான், உள்ளே. நீயும் போடுமுன் பாவாடையில் கையைத் துடைப்பாய். மைக்கில் ஒருவர் பெயர் சொல்லிக் கூவுவதைக் கேட்டால் அலங்காநல்லூர் வாடிவாசல்தான், பீரோவும் சைக்கிளும் மட்டும் அறிவிக்கவில்லை.

என் அறையில் இருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணர் 2019 கதையைச் சொல்லாத வாரமில்லை. பிலடெல்பியா அணியோடு தொடரை முடிவு செய்யும் ஏழாவது ஆட்டம், கடைசி நொடியில் எங்கள் அணியின் கவாய் லெனார்ட் எறிந்த பந்து வளையத்தில் நாலு தடவை குதித்து உள்ளே விழுந்தது. அந்த வருஷம் கோப்பையும் ராப்டர்ஸுக்குத்தான். ஒவ்வொரு குதிப்புக்கும் ஒரு தடவை நெஞ்சைப் பிடித்துக் காட்டுவார்.

இனி பெட். இங்கே 2021லிருந்து ஒரே ஒரு ஆட்டத்தின் மேல் பணம் கட்டுவதும் சட்டப்படி சரி. இந்த மாகாணத்தில் 19 வயது ஆகியிருக்க வேண்டும். நம் நாட்டில் 2025ஆம் வருஷச் சட்டப்படி காசு கட்டும் ஆன்லைன் விளையாட்டு எல்லாமே தடை, மாப்பிள்ளைக்கு வயசும் ஆகவில்லை. இதை அவனிடம் நானே சொல்லிவிட்டேன்.

கணக்கைக் கேள். எங்கள் ஆட்கள் ஏழு புள்ளிக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயிப்பார்களா மாட்டார்களா என்று ஒரு பந்தயம். எந்தப் பக்கம் 10 டாலர் கட்டினாலும், ஜெயித்தால் கைக்கு வருவது பெரும்பாலும் 19 டாலர் 10 சென்ட். நீ ஒரு பக்கம், மாமா ஒரு பக்கம் கட்டினால் 20 டாலர் போகும், 19.10தான் திரும்பும். மிச்சம் 90 சென்ட் கடைக்காரனுக்கு. இதே மாதிரி நூறு தடவை கட்டி 52 தடவை ஜெயித்தாலும் நஷ்டம்தான். 53 ஜெயித்தால்தான் கையைக் கடிக்காது. இதை ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்தபோதுதான் அப்பா ஞாபகம் வந்தது. பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் லாட்டரி வாங்கும்போது அவர் ஒருநாளாவது இப்படி எழுதிப் பார்த்திருப்பாரா? 2003இல் லாட்டரிக் கடைகளை மூடியதும் அம்மா பாண்டி கோயிலில் பொங்கல் வைத்தாளே.

நானும் யோக்கியன் இல்லை, ஒளிக்கவில்லை. முதல் வருஷம் ஆப் வைத்திருந்தேன். ஆட்டம் நடக்கும்போதே ஒவ்வொரு கூடைக்கும் பந்தயத்தின் விலை, அதாவது ஜெயித்தால் வரும் தொகை, மாறும், கட்டிக்கொண்டே இருக்கலாம். ஒருநாள் எங்கள் ஆட்கள் ஏழு புள்ளிக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயிப்பார்கள் என்று 10 டாலரில் ஆரம்பித்து, நாலாவது கால்பகுதிக்குள் கட்டியது 70 ஆகிவிட்டது. எங்கள் ஆட்கள் எட்டுப் புள்ளி முன்னால். கடைசி மணி அடிக்கும்போது எதிராளி ஒருவன் சும்மா தூக்கி எறிந்த பந்து மூன்று புள்ளியாக விழுந்தது. ஐந்தில் ஜெயித்தோம். அரங்கமே எழுந்து ஆடுகிறது, அண்ணர் என்னைக் கட்டிப் பிடிக்கிறார், நான் எழவு வீட்டில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். ஜெயித்த ஆட்டம் அக்கா! ரயிலில் வரும்போதே ஆப்பை அழித்தேன்.

இப்போது மூலைக் கடையில் அரசாங்கமே விற்கும் பந்தயச் சீட்டு மட்டும்தான். சீட்டு என்றதும் அம்மா அலறுவாள், நீயே பக்குவமாகச் சொல். அம்மா கடுகு டப்பாவில் காசு வைப்பாளே, அதே மாதிரி ஒரு டப்பா. மாதம் பிறந்தால் அதில் 40 டாலர், சீட்டு ஒன்றுக்கு 10. வீட்டுக்கு அனுப்பும் பணம் போன பிறகுதான் டப்பாவுக்கு. நாலு சீட்டு முடிந்தால் அந்த மாதம் முடிந்தது. எங்கள் அணி மேல் கட்டவே மாட்டேன். யாருக்குக் காயம், யார் நேற்று ராத்திரியும் ஆடிவிட்டு வருகிறார்கள் என்று பார்ப்பேன். ஆனால் விலை போடுகிறவன் அதையெல்லாம் எனக்கு முன்பே பார்த்திருப்பான்.

இந்த சீசன் நோட்டுப்படி: 28 சீட்டு, 13 ஜெயித்தது. போட்டது 280, வந்தது 248 டாலர் 30 சென்ட். ஆக 31 டாலர் 70 சென்ட் போச்சு. ஏழு மாதம் பார்த்த பொழுதுக்கு அது கூலி.

ஒன்று விட்டுவிட்டேன். எங்கள் அணியிலேயே ஜோன்டே போர்ட்டர் என்று ஒரு பையன் இருந்தான். பெட் கட்டுகிறவர்களுக்கு உள்விஷயம் சொல்லி, அவர்களுக்காக ஆட்டத்திலிருந்தே விலகினான் என்று 2024 ஏப்ரலில் இந்த ஆட்டங்களை நடத்தும் என்.பி.ஏ. லீக் அவனுக்கு ஆயுள் தடை போட்டது. நாம் கூரை வரிசையில் உட்கார்ந்து காயம், களைப்பு என்று கணக்குப் போடுகிறோம்!

மாப்பிள்ளைக்கு ஒரு பந்து வாங்கிவிட்டேன். பார்சலில் இடம் போதாது என்று காற்றை இறக்கித்தான் அனுப்புகிறேன். ஊசியைத் தனியாகப் பொட்டலம் கட்டிச் சாக்ஸுக்குள் வைத்திருக்கிறேன், தொலைத்துவிடாதீர்கள். சைக்கிள் கடையில் அடிக்கச் சொல், ரொம்ப இறுக்கமாக வேண்டாம். முதல் ஷாட் நீ போடு. உள்ளே போனதா என்று மாப்பிள்ளையை எழுதச் சொல்.

அன்புத் தம்பி