கை தூக்கச் சொல்லாதீர்கள்: தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நானும் உங்களில் ஒருத்திதான். நாலாம் வகுப்புக்கும் அஞ்சாம் வகுப்புக்கும் பாடம் எடுத்தே என் காலம் போயிருக்கிறது. பள்ளி திறந்த முதல் வாரத்தில் நாம் எல்லாருமே செய்கிற ஒரு காரியத்தைப் பற்றி உங்களிடம் மனம்விட்டுப் பேச வேண்டும். வகுப்பு லீடர் தேர்தல்.

எப்படி நடத்துகிறோம்? "யாரெல்லாம் லீடரா நிக்கிறீங்க?" என்று கேட்கிறோம். மூன்று பேர் எழுந்து நிற்பார்கள். "இவனுக்கு யார் யார், கை தூக்குங்க." எண்ணுகிறோம். பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். அப்புறம் ஜெயித்த பிள்ளையின் கையில் சாக்பீஸைக் கொடுத்து, பேசுகிறவர்களின் பெயரைப் பலகையில் எழுதச் சொல்லிவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போகிறோம். நானும் பல வருடம் இப்படித்தான் செய்தேன். மக்களாட்சிப் பாடம் வரும்போது, "நாம லீடரைத் தேர்ந்தெடுத்தோமே, அது மாதிரிதான்" என்று அதையே உதாரணமாகவும் காட்டினேன்.

அந்த உதாரணம் தப்பு என்று எனக்குப் புரிய வைத்தது ஒரு சின்னக் கை. ஒரு பையனின் பெயரைச் சொன்னதும், பின்வரிசையில் ஒரு சிறுமியின் கை காதுவரை உயர்ந்தது. பக்கத்தில் இருந்த தோழி திரும்பிப் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. தூக்கிய கை, முடியை ஒதுக்குவதுபோல் மெல்ல இறங்கி மேஜைக்கு அடியில் போய்விட்டது. அடுத்த பெயருக்கு, தோழியின் கையோடு சேர்ந்து உயர்ந்தது. நான் அதையும் ஒரு ஓட்டாக எண்ணிப் பலகையில் எழுதினேன்.

பெரியவர்களும் இந்த அவஸ்தையைப் பட்டவர்கள்தான். 1872 வரை பிரிட்டனில் எல்லார் முன்னாலும் வாய்விட்டுச் சொல்லித்தான் ஓட்டுப் போட்டார்கள். குத்தகைக்காரர் யாரைச் சொன்னார் என்று நிலத்துக்காரருக்குத் தெரிந்துவிடும். அதற்கப்புறம் எங்கே தன் மனசுப்படி சொல்வது? ஆஸ்திரேலியாவில் விக்டோரியாவும் தெற்கு ஆஸ்திரேலியாவும் 1856-லேயே ரகசிய வாக்குச்சீட்டுக்கு மாறியிருந்தன. பிரிட்டனில் 1872 ஆகஸ்டில், பான்டிஃப்ராக்ட் என்ற ஊரில் நடந்த இடைத்தேர்தலில்தான் நாடாளுமன்றத்துக்கு முதல்முறையாக ரகசியமாக ஓட்டுப் போட்டார்கள். பெட்டிக்கு முத்திரை குத்த, அந்த ஊர் அதிமதுர மிட்டாயில் பதிக்கிற அச்சையே எடுத்துக்கொண்டார்களாம். இதை வகுப்பில் சொல்லிப் பாருங்கள். ரகசிய வாக்கெடுப்பு மறந்தாலும் மிட்டாய் முத்திரை மறக்காது, அதைப் பிடித்துக்கொண்டு மற்றதும் திரும்பி வரும்.

வகுப்பிலும் இப்படி ரகசியமாக ஓட்டுப் போட வைக்கப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. ஒரு அட்டைப்பெட்டி, இரண்டு நாற்காலிக்கு நடுவே ஒரு போர்வை, ஒரே அளவில் வெட்டிய சீட்டு. வாக்காளர் பட்டியலை மட்டும் நீங்கள் எழுதாதீர்கள். பிள்ளைகளே வந்து தங்கள் பெயரைச் சொல்லிப் பதிந்துகொள்ளட்டும். இதற்கு நான் சொல்கிற கதை, 1951-52-இல் நடந்த இந்தியாவின் முதல் பொதுத்தேர்தல். பட்டியல் எடுக்கப் போனபோது லட்சக்கணக்கான பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. இன்னாருடைய மனைவி, இன்னாருடைய அம்மா என்று மட்டும் சொன்னார்கள். தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த சுகுமார் சென், சொந்தப் பெயர் இல்லாமல் பதிய முடியாது என்று உறுதியாக நின்றார். சுமார் 28 லட்சம் பெண்களின் பதிவு நீக்கப்பட்டது. "அவங்க ஏன் பேரைச் சொல்லல?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு ஒரு பீரியட் முழுக்கப் போனாலும் போகட்டும். ஒன்றாம் வகுப்பில் இன்னும் எழுதப் படிக்க வராது என்றால், அதே தேர்தலிலேயே வழி இருக்கிறது. வாக்காளர்களில் பெரும்பாலோருக்குப் படிக்கத் தெரியாது என்பதால், ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி வைத்து அதில் சின்னத்தை ஒட்டினார்கள். அதைப் பார்த்துச் சீட்டைப் போட்டார்கள். குடைக்கு ஒரு டப்பா, பட்டத்துக்கு ஒரு டப்பா வைத்துவிட்டால் ஆறு வயசுப் பிள்ளையும் ஓட்டுப் போடும்.

எண்ணிக்கையை எல்லார் கண்முன்னாலும் செய்யுங்கள். ஒவ்வொரு சீட்டையும் விரித்துக் காட்டிச் சத்தமாகப் படியுங்கள். என் வகுப்பில் 31 பேர். முதல்முறை பெட்டி வைத்தபோது முடிவு 12, 10, 9 என்று வந்தது. 12 வாங்கிய சிறுமி ஜெயித்தாள் என்று சொல்லிவிட்டுப் பெட்டியை எடுத்து வைக்கப் போனேன். ஒரு பையன் எழுந்தான். "மிஸ், அப்போ பத்தொன்பது பேர் அவ வேணாம்னுதானே சொல்லியிருக்காங்க?"

கழித்தல் கணக்கில் எப்போதும் தடுமாறுகிற பையன் அவன்.

அவன் கேட்டது உலகம் முழுக்கக் கேட்கிற கேள்வி. இந்தியாவிலும் பிரிட்டனிலும் அதிக ஓட்டு வாங்கினவர் ஜெயித்தார், அவ்வளவுதான். பிரான்ஸ் அதிபர் தேர்தலில் யாருக்கும் பாதிக்கு மேல் வரவில்லை என்றால், முதல் இரண்டு பேரை மட்டும் வைத்து மறுபடி ஓட்டு நடத்துகிறார்கள். ஆஸ்திரேலியாவின் பிரதிநிதிகள் சபைத் தேர்தலில் 1, 2, 3 என்று விருப்ப வரிசையை எழுதுகிறார்கள். சரி, நாமும் பார்ப்போம் என்று அன்றைக்கே முதல் இரண்டு பேரை வைத்து மறுபடி ஓட்டு நடத்தினோம். அதே சிறுமிதான் 17 வாங்கி ஜெயித்தாள். அப்போதும் 14 பேர் மிச்சம். அந்த 14 பேருக்கும் இனி அவள்தான் பேச வேண்டும் என்று சொன்னபோது, பிள்ளைகளைவிட எனக்குத்தான் அது புதுசாக இருந்தது. அதுவரை நான் தேர்தலைச் சொல்லிக்கொடுத்தேனே தவிர, பிரதிநிதி என்றால் யார் என்று சொல்லிக்கொடுத்ததே இல்லை.

உங்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இதைத்தான். தேர்தல் ஒருநாள் வேலை. ஜெயித்த பிள்ளைக்கு உண்மையான ஒரு வேலை கொடுங்கள். பெயர் எழுதுகிற வேலை வேண்டவே வேண்டாம். அது பிள்ளைகளின் ஆளாக இருக்க வேண்டியவரை நம்முடைய ஆளாக்கிவிடுகிறது. மற்ற பிள்ளைகள் சொல்வதைக் கேட்டு, உரிய இடத்தில் போய்ச் சொல்லி, வந்த பதிலைத் திரும்பக் கொண்டுவருகிற வேலையைக் கொடுங்கள். வகுப்பு முடிவு செய்யக்கூடிய விஷயங்கள் எத்தனையோ இருக்கின்றன: எந்தக் கதையை வாசிப்பது, பந்து யார் பொறுப்பில், உட்காரும் இடத்தை எப்போது மாற்றுவது. ஆனால் ஒரு பிள்ளையை ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாமா என்பதை மட்டும் ஒருபோதும் ஓட்டுக்கு விடாதீர்கள். எத்தனை கை எதிராக இருந்தாலும் அந்தப் பிள்ளைக்கு அங்கே இடம் உண்டு. அதைச் சொல்ல வேண்டியது நாம்.

எங்களுக்கு வாய்த்தது நூலகப் புத்தகம். பீரோவில் பூட்டி வைத்திருந்த புத்தகங்களை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டதில், வேண்டும் என்று 18 பேர், வேண்டாம் என்று 13 பேர். லீடர் சிறுமி அதை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு தலைமை ஆசிரியரிடம் போனாள். நானும் பின்னால் நின்றேன். அவர் நிமிராமலே கேட்டார், "உனக்கு வீட்டுக்குக் கொண்டுபோகணுமா?"

"எனக்கு வேணாம் சார். பதினெட்டுப் பேருக்கு வேணும். பதிமூணு பேர் கிழிஞ்சிடும்னு பயப்படுறாங்க, அதையும் சொல்லச் சொன்னாங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். தனக்கு வேண்டாததை மற்றவர்களுக்காகக் கேட்க வந்த அந்த ஒன்பது வயசுப் பிள்ளை எதிர்த்தரப்பின் பயத்தையும் மறைக்காமல் சொன்னதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அட்டை போட்ட புத்தகம் மட்டும் வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகலாம் என்று பதில் வந்தது. அவள் வகுப்புக்கு வந்து முதலில் அந்த 13 பேரிடம்தான் போய்ச் சொன்னாள்.

உத்திரமேரூர்க் கல்வெட்டை நாம் எல்லாரும் பாடத்தில் சொல்கிறோம். பராந்தகச் சோழன் காலம், 919, 921 என்று ஆண்டு சொல்லி, குடவோலை முறைதான் அந்தக் காலத்து மக்களாட்சி என்று முடித்துவிடுகிறோம். முழுசாகச் சொல்லுங்கள். அது ஓட்டு இல்லை, குலுக்கல். ஊரை 30 குடும்பாக, அதாவது வார்டுகளாகப் பிரித்து, தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை எடுக்கச் சொன்னார்கள். தகுதி என்பது நிலமும் சொந்த வீடும் வேதப் படிப்பும் உள்ள, 35-லிருந்து 70 வயதுக்குட்பட்ட ஆண்களுக்கு மட்டும். உழுதவர்களின் பெயரும் பெண்களின் பெயரும் அந்தக் குடத்தில் இல்லை. பிள்ளைகளிடம் இதை மறைக்க வேண்டிய அவசியம் என்ன? அதே கல்வெட்டில் ஒரு நல்ல விதியும் இருக்கிறது. முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் குடத்தில் பெயர் போட முடியாது. நாங்கள் எடுத்துக்கொண்டது அந்த விதியைத்தான். அரையாண்டு முடிந்ததும் லீடர் அந்த நோட்டை வகுப்பின் முன்னால் படித்துக் காட்ட வேண்டும்: என்ன கேட்டார்கள், எங்கே சொன்னேன், என்ன பதில் வந்தது. அதற்கப்புறம்தான் மறுதேர்தல்.

அந்த மறுதேர்தலில் அவள் நாலு ஓட்டில் தோற்றுப்போனாள். கண் கலங்கியது, உதட்டைக் கடித்துக்கொண்டாள். நான் எழுந்து போவதற்குள் அவளே நோட்டை எடுத்துக்கொண்டு, ஜெயித்த பையனின் மேஜைக்குப் போனாள். கடைசியில் எழுதியிருந்த பக்கத்தைத் திறந்து விரலை வைத்தாள். "குடிதண்ணிக் குழாய் உயரமா இருக்குன்னு ரெண்டாம் வகுப்புப் பிள்ளைங்க சொன்னாங்க. நான் கேட்டுட்டேன், இன்னும் பதில் வரல. நீ போய்க் கேளு."

அன்புடன்,
உங்களில் ஒருத்தி