போர்டோ ஆளா, ஊரா?

அன்புள்ள நடராஜா,

கடிதம் கிடைத்தது. கவாத்து முடிந்து பன்னீர் திராட்சை துளிர்த்துவிட்டது என்று எழுதியிருந்தாய், நல்லது. கடைசியில் போகிற போக்கில் ஒன்று கேட்டிருந்தாயே, "போர்டோ என்பது அந்தக் கலவையைக் கண்டுபிடித்த வெள்ளைக்காரன் பெயர்தானே?" என்று. திராட்சையின் பூஞ்சை நோய்க்கு நாம் அடிக்கும் போர்டோ கலவையைத்தான் சொல்கிறாய்; மயில்துத்தமும், அதாவது செம்புச் சல்பேட்டும், சுண்ணாம்பும் கலந்தது. இன்றைக்கு அதற்கு மட்டும் பதில். குடும்பச் செய்திகள் அடுத்த கடிதத்தில்.

போர்டோ ஊர், பிரான்சின் தென்மேற்கில் ஒயினுக்குப் பேர்போன துறைமுக நகரம். நீ தேடும் ஆளின் பெயர் பியேர்-மரி-அலெக்சி மியார்தே. 1838இல் ஜூரா மலைப்பக்கத்து மோன்மிரே-லா-வில் என்ற சிற்றூரில் பிறந்தவர். ஜெர்மனி போய் ஹைடல்பெர்க்கிலும் ஃப்ரைபுர்க்கிலும் தாவரவியல் படித்தார். ஃப்ரைபுர்க்கில் அவருக்கு வாய்த்த ஆசிரியர் அன்டன் டி பாரி. பயிர்நோய்ப் பூஞ்சைகளின் வாழ்க்கையை நுண்ணோக்கியில் படிப்படியாகப் பின்தொடர்ந்து காட்டியவர் அவர். மியார்தே 1869இல் ஸ்ட்ராஸ்பூரில் பேராசிரியரானார். போரில் பிரான்சு தோற்று அந்த ஊர் ஜெர்மனிக்குப் போனதும் 1872இல் நான்சிக்கு நகர்ந்தார். அதே 1872இல் அதே ஸ்ட்ராஸ்பூருக்கு ஜெர்மன் பேராசிரியராக வந்து சேர்ந்தவர் டி பாரி. மாணவன் விட்டுப்போன ஊருக்குக் குரு! 1876இல் மியார்தே போர்டோவுக்கு வந்தார். 1902இல் சாகும்வரை அந்த ஊர்தான்.

அவர் வந்த நேரம் திராட்சைக்குப் பொல்லாத நேரம். அமெரிக்காவிலிருந்து வந்த ஃபைலாக்ஸெரா என்ற வேர்ப்பேன் தோட்டம் தோட்டமாகக் காய வைத்துக்கொண்டிருந்தது. அமெரிக்கக் காட்டுக் கொடிகளின் வேர் அந்தப் பேனைத் தாங்கும் என்பதால், அவற்றை இறக்குமதி செய்து உள்ளூர்க் கொடியை மேலே ஒட்டுக்கட்டினார்கள். அந்த அமெரிக்கக் கொடிகளோடு அடிச்சாம்பல் நோயும் கப்பலேறி வந்தது. 1878இல் பிரான்சில் அதை அடையாளம் கண்டார்கள். இலையின் மேலே எண்ணெய்ப் பொட்டு, அடியில் வெள்ளைப் பூசணம். உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. இலை உதிர்ந்தால் பழத்தில் சர்க்கரை ஏறாது, குச்சி முதிராது; அடுத்த வருஷக் காய்ப்பும் சேர்ந்து போகும்.

எல்லாரும் சொல்லும் கதை இது. 1882 அக்டோபர் கடைசியில் மெதோக் பகுதியில் சான்-ஜூலியான் வழியாக மியார்தே போகிறார். எங்கும் கொடிகள் மொட்டையாக நிற்க, சாலையோர வரிசைகளில் மட்டும் இலை பச்சையாக இருக்கிறது. இலைமேல் நீலப்பூச்சு. போகிறவர் வருகிறவர் பழம் பறிக்காமலிருக்க, பார்த்தால் விஷம் என்று தோன்றும்படி மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளிப்பது அந்தப் பக்கத்து வழக்கம். துக்ரு-போகையூ தோட்டத்தின் மேலாளர் எர்னெஸ்ட் தாவித் அதைச் சொன்னார். பின்னால் வயல் சோதனைகளைச் செய்து கொடுத்தவரும் அவர்தான்.

இந்தச் சாலைக் கதையைவிட எனக்குக் கிணற்றுக் கதைதான் பெரிது. பூஞ்சையின் வித்துக்கள் மழைநீரிலும் பனிநீரிலும் முளைக்கின்றன, தன் வீட்டுக் கிணற்று நீரில் முளைக்கவில்லை என்பதை மியார்தே ஆய்வறையில் கவனித்தார். நீரைச் சோதித்தால் லிட்டருக்கு ஏறக்குறைய 5 மில்லிகிராம் செம்பு. பழைய பம்பிலிருந்து கரைந்து வந்தது. கோடிப் பங்கு நீரில் இரண்டு மூன்று பங்கு செம்பு இருந்தாலே வித்து சாகும் என்று பின்னர் கணக்கிட்டார். இதற்கு முன்பே 1807இல் மோன்தோபானில் பெனெடிக்ட் ப்ரெவோ, செம்புப் பாத்திரத்தில் கொதித்த நீரில் கோதுமைக் கரிப்பூட்டையின் வித்து முளைக்காததைப் பார்த்திருந்தார். இரண்டு தடவையும் துப்புக் கொடுத்தது நீரில் கரைந்த செம்புதான்.

 

செம்பு ஏன் வேலை செய்கிறது என்று தெரிந்தால் எப்படி அடிக்க வேண்டும் என்பது தானாக விளங்கும். இலையில் நீர் நின்றால் பூஞ்சையின் பையிலிருந்து நீந்தும் வித்துகள் வெளியே வரும். நீந்திப் போய் இலையடித் துளைகளில் நுழையும். அந்த நீரில் கொஞ்சம் செம்பு கரைந்திருந்தால் நீந்தும்போதே சாகும். உள்ளே போய்விட்டால் ஒன்றும் செய்ய முடியாது, செம்பு இலைக்குள் இறங்காது. ஆகவே மழைக்கு முன்பே அடிக்க வேண்டும், இலையின் அடிப்பக்கமும் நனைய வேண்டும். பொட்டு விழுந்த பிறகு அடிப்பது மற்ற இலைகளைக் காக்கத்தான்.

1885இல் மியார்தே வெளியிட்ட முதல் அளவு கேட்டால் சிரிப்பாய். 100 லிட்டர் நீரில் 8 கிலோ மயில்துத்தம், 30 லிட்டர் நீரில் 15 கிலோ சுட்ட சுண்ணாம்பு. இரண்டையும் கலந்த கூழை வாளியில் எடுத்து, சிறு விளக்குமாற்றால் இலைமேல் தெளித்தார்கள், குலையில் படாமல். ஆயிரம் கொடிக்கு 50 லிட்டர். நாம் இப்போது அடிக்கும் ஒரு சதவீதக் கலவையைப்போல் ஆறு மடங்கு கெட்டி. ஒயினில் செம்பு தங்குமா என்ற பயத்தை, பாஸ்டரின் மாணவரான வேதியியலாளர் உலீஸ் கையோன் சோதனை செய்து தீர்த்தார். நொதிக்கும்போது செம்பில் பெரும்பகுதி வண்டலோடு அடியில் போய்விடுகிறது.

இப்போதைய அளவு: 100 லிட்டருக்கு மயில்துத்தம் 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ. துளிர் இளசாக இருந்தால் இரண்டிலும் பாதி. துத்தத்தைத் துணியில் முடிந்து 50 லிட்டர் நீரின் மேல்மட்டத்தில் தொங்கவிடு. கரைசல் கனம், தானாகக் கீழே இறங்கும்; அடியில் கொட்டினால் கரைய நாளாகும். சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக நீர் தெளித்து நீற்றி, மீதி 50 லிட்டரில் கரைத்து வடிகட்டி, நன்றாக ஆறவிடு. சூட்டோடு கலந்தால் நீலம் கறுத்துத் துகள் பருமனாகி, இலையில் ஒட்டாது. ஆறியதும் துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் மெல்ல ஊற்றி மரக்குச்சியால் கலக்கு. பிளாஸ்டிக், மண் அல்லது மரப் பாத்திரம் மட்டும். இரும்பானால் அதை அரித்துச் செம்பு அதன்மேல் படிந்து வீணாகும்.

வாங்கும் சுண்ணாம்பில்தான் பெரும்பாலும் கோளாறு வரும். கணக்குப்படி ஒரு கிலோ துத்தத்துக்கு 225 கிராம் சுத்தமான சுட்ட சுண்ணாம்பே போதும். மீதி எல்லாம் காவலுக்கு. ஆனால் மூட்டையைத் திறந்து போட்டு வைத்தால் அது காற்றில் கெட்டு வெறும் சுண்ணக்கல் தூளாகிவிடும். அப்போது கிலோ போட்டாலும் செம்பு கரைந்த நிலையிலேயே நின்று இலையைக் கருக்கும். சோதிக்க, பளபளப்பான இரும்புக் கத்தியைக் கலவையில் ஒரு நிமிஷம் முக்கு. செம்மை படிந்தால் இன்னும் சுண்ணாம்புப் பால் ஊற்று. கலந்த அன்றே அடித்துவிடு; மறுநாளுக்கு வைத்தால் படிகம் கட்டி ஒட்டும் தன்மை போய்விடும். மூடாப்பும் ஈரமுமாக, தெளித்தது காயாமல் கிடக்கும் நாளில் அடிக்காதே. அப்போதும் இலை கருகும். காரமான கலவை என்பதால் வேறு பூச்சிமருந்தைச் சேர்க்காதே. சாம்பல் நோய் அடிச்சாம்பலிலிருந்து வேறு; அதற்கு இது போதாது, கந்தகம்தான்.

ஒன்றுக்கு மட்டும் மியார்தேயும் விடை சொல்லிப் போகவில்லை. ஒரு கிலோ துத்தத்தில் 255 கிராம் செம்பு. அது மேல்மண்ணில் ஒட்டிக்கொண்டு கீழே இறங்காமல், அழியாமல் சேரும். பழைய போர்டோத் தோட்டங்களில் மண்புழு குறைவதற்கு இதுவும் காரணம். ஐரோப்பாவில் இப்போது ஹெக்டேருக்கு ஏழு வருஷத்தில் 28 கிலோ செம்புக்கு மேல் கூடாது என்று வரம்பு.

கலவைப் புகழில் அவருடைய இன்னொரு வேலை மறைந்துபோனது. பெசெனாஸில் தோட்டம் வைத்திருந்த சார்ல் தெ கிராசே என்ற பிரபுவோடு சேர்ந்து ஒட்டுக்கட்டும் வேர்ச்செடிகளை இனக்கலப்பில் உருவாக்கினார். ஷாசெலா திராட்சையையும் டெக்சாஸ் காட்டுக்கொடி பெர்லாண்டியேரியையும் கலந்த 41பி என்ற வேர்ச்செடி 1882இலேயே பிறந்தது. ஷாம்பேன் பகுதியின் வெள்ளைச் சுண்ண மண்ணில் மற்ற அமெரிக்க வேர்கள் மஞ்சளடித்துச் சாக, இது இன்றுவரை நிற்கிறது. அவர்களுடைய இன்னொரு வேர்ச்செடி 101-14 அங்கே தாங்காது. அதற்குச் சுண்ணம் குறைந்த, ஈரம் நிற்கும் மண் வேண்டும்.

உன் மண்ணைச் சோதித்தாயா? சுண்ணம் எவ்வளவு என்று அடுத்த கடிதத்தில் எழுது. வேர்ச்செடி பற்றி அப்புறம் பேசுவோம்.

அன்புடன்,
முத்துசாமி