24 முசுபிக்கு அளவு கேட்ட அண்ணிக்கு

அண்ணி,

ஒரு வருஷம் கழித்து உங்களிடமிருந்து வந்த முதல் செய்தி, "24 முசுபிக்கு எத்தனை ஸ்பாம் டப்பா?" மூன்று டப்பா. அங்கேயே பதில் போட்டிருக்கலாம், போடவில்லை. அன்றைக்குப் பூங்காவில் நாலு பேர் முன்னால் வாயை விட்டவள் நான். பதிலும் நாலு பேர் படிக்கிற இடத்திலேயே இருக்கட்டும். (படிக்கிற மற்றவர்களுக்கு: ஸ்பாம் என்பது டப்பாவில் வரும் பன்றி இறைச்சிக் கட்டி. அதன் வறுத்த துண்டை அச்சில் அழுத்திய சோற்றோடு சேர்த்து, நோரி என்ற கடற்பாசித் தாளால் சுற்றினால் அதுதான் ஹவாயின் முசுபி.) இந்தப் பக்கத்தை அண்ணனும் அம்மாவும் படிப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் சோற்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

340 கிராம் டப்பா ஒன்றுக்கு 8 துண்டு. கட்டியை முழுசாகக் கவிழ்த்து, டப்பாவின் அடிப்பக்கத்துக்கு இணையாக வெட்ட வேண்டும். முதலில் நடுவில் ஒரு வெட்டு, ஒவ்வொரு பாதியிலும் பாதி, அதிலும் பாதி. கண்ணளவிலேயே எட்டும் ஒரே கனமாக, ஒரு சென்டிமீட்டர் அளவில் விழும். சிக்கனம் பார்த்து 10 துண்டு போடுகிறவர்கள் உண்டு. மெல்லிய துண்டு வாணலியில் ஓரம் சுருண்டு கிண்ணம் மாதிரி ஆகிவிடும், அச்சுக்குள் சோற்றின் மேல் படியாது.

அன்றைக்கு உங்கள் ஸ்பாமில் ஒரு குறையும் இல்லை. குறை சோற்றில். அதற்குக் காரணம் யார் என்பதைத்தான் இவ்வளவு நாளாகச் சொல்லாமல் இருந்தேன்.

"ஆறு கப் அரிசி, ஆறாம் கோடு வரை தண்ணீர்" என்று சொன்னது நான். ரைஸ் குக்கரோடு வரும் பிளாஸ்டிக் கப் 180 மில்லி, ஏறக்குறைய 150 கிராம் அரிசி பிடிக்கும். உங்கள் கையில் இருந்தது கேக்குக்கு மாவு அளக்கும் 240 மில்லி கப். அதில் ஆறு கப் என்றால் குக்கர் கணக்கில் எட்டு கப் அரிசி. பாத்திரத்தின் உள்ளே இருக்கும் கோடு தண்ணீருக்கு மட்டுமான அளவும் அல்ல. அரிசியும் தண்ணீரும் சேர்ந்து நிற்க வேண்டிய உயரம் அது. அரிசி கூடினால் அந்த இடத்தையும் அதுவே அடைத்துக்கொள்ளும், தண்ணீர் இன்னும் குறையும். எட்டு கப் அரிசி, ஆறு கப்புக்கான தண்ணீரைவிடக் குறைவான தண்ணீரில் வெந்தது. நடுவில் வேகாமல் விறைத்த சோறு ஒன்றோடொன்று எப்படி ஒட்டும்? அச்சில் எவ்வளவு அழுத்தினாலும் நிற்காது.

அந்தக் கப் உங்கள் கையில் இருந்ததை நான் பார்த்தேன், அண்ணி. பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். அதற்கு முந்தின வாரம் நடந்ததை இங்கே எழுத முடியாது, உங்களுக்கும் எனக்கும் தெரியும். அந்தக் கோபத்தில் இருந்தேன் என்பது காரணம்தான், நியாயம் ஆகாது. அப்படியே விட்டதால் ஹொனலுலுவின் கப்பியோலானி பூங்காவில் ஆட்டம் முடிந்து பிள்ளைகள் பிளாஸ்டிக் தாளைப் பிரித்தபோது சோறு புல்லில் கொட்டியது. "ஒண்ணுகூட நிக்கலையே" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். நீங்கள் ஒன்றும் சொல்லாமல், குனிந்து கையால் பொறுக்கினீர்கள். மன்னித்துவிடுங்கள்.

ஆனால் மிச்சம் இருந்த ஏழு முசுபியை ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் டப்பாவில் போட்டு எங்கள் வீட்டுக்கே கொடுத்து அனுப்பினீர்களே, அது எந்த ஊர் மரியாதை? ஃபிரிட்ஜ் குளிரில் சோற்றின் மாவுச்சத்து திரும்ப இறுகிவிடும், கல் மாதிரி ஆகும். அது தெரிந்தே அனுப்பினீர்கள் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

சரி, அளவுக்கு வருகிறேன். ஒரு முசுபிக்கு 110 கிராம் சோறு. இருபத்து நான்குக்கு 2,640 கிராம். குக்கர் கப்பில் எட்டு கப் அரிசி வேண்டும், அதாவது 1.2 கிலோ. ஹிலோ ஊரில் நீங்கள் வாங்கியிருப்பது ஐந்தரை கப் குக்கர் என்று உங்கள் சின்னவன் சொன்னான். அதில் நாலு நாலாக இரண்டு தடவை வையுங்கள். முதல் சோற்றில் பன்னிரண்டைப் பிடித்து முடிக்கும்போது அடுத்தது தயாராக இருக்கும்.

அரிசி கால்ரோஸ், வெந்தால் ஒட்டுகிற நடுத்தர ரகம். பொன்னியோ பாஸ்மதியோ வேண்டாம். உதிரி உதிரியாக இருப்பதுதான் நம் வீட்டில் நல்ல சோறு. இங்கே ஒட்டினால்தான் சோறு. கஞ்சி வடிக்கிற பேச்சே கிடையாது. மூன்று நாலு தண்ணீரில் மெதுவாகக் கழுவி, அரை மணி நேரம் ஊறவைத்து, குக்கரைப் போடுங்கள். பட்டன் மேலே வந்ததும் திறக்காதீர்கள், பத்து நிமிஷம் அப்படியே இருக்கட்டும். பிறகு தட்டைக் கரண்டியால் அடியிலிருந்து புரட்டிப் புரட்டி ஆவியை விடுங்கள். பிசையக் கூடாது. வினிகரும் வேண்டாம், அது சுஷிக்கு. உப்பும் வேண்டாம், ஸ்பாமில் இருப்பதே ஊருக்குப் போதும்.

சோறு ஆறுகிற நேரத்தில் ஸ்பாமைப் பார்த்துக்கொள்ளலாம். எண்ணெய் இல்லாத வாணலி, மிதமான தீ, பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிஷம். அதன் கொழுப்பே அதற்குப் போதும். இரண்டு பக்கமும் சிவந்த பிறகு கொழுப்பை வடித்துவிட்டுத்தான் ஷோயு (சோயா சாஸ்) கலவையை ஊற்ற வேண்டும். டப்பா ஒன்றுக்கு ஷோயு இரண்டு மேசைக்கரண்டி, சர்க்கரை இரண்டு, மிரின் என்ற இனிப்பு அரிசி மது ஒன்று. முதலிலேயே ஊற்றினால் இறைச்சி சிவக்கும் முன்பே சர்க்கரை கருகிக் கசக்கும். தீயைக் குறைத்துத் துண்டுகளைத் திருப்பிக்கொண்டே இருங்கள். குமிழி பெரிசாகி மெதுவாக உடையத் தொடங்கும்போது இறக்கிவிடுங்கள், ஆறும்போது இன்னும் கெட்டியாகும். தண்ணியாக இறக்கினால் சாறு சோற்றுக்குள் இறங்கி அதை நெகிழ்த்திவிடும். மூன்று டப்பாவையும் ஒரே வாணலியில் திணிக்காதீர்கள். நெருக்கத்தில் அது வறுபடாது, வேகத்தான் செய்யும்.

நோரித் தாளில்தான் எல்லோரும் ஏமாறுவது. தாள் 19க்கு 21 சென்டிமீட்டர், பார்த்தால் சதுரம் மாதிரி இருக்கும். 21 சென்டிமீட்டர் நீளம் குறையாதபடி இரண்டாக வெட்டுங்கள். முசுபியைச் சுற்றி வரவே 17, 18 சென்டிமீட்டர் போய்விடும். திசை மாறி வெட்டினால் 19தான் கிடைக்கும், ஒட்டுவதற்கு ஒரு விரல் அகலம் மிஞ்சினாலே அதிகம். சோறு கொஞ்சம் கூடினால் வாய் பிளந்துகொள்ளும். பன்னிரண்டு தாள் வேண்டும். பத்துத் தாள் பாக்கெட் என்றால் இரண்டு வாங்குங்கள். வழவழப்பான பக்கம் வெளியே.

அச்சு என்னிடம்தான் இருக்கிறது. இப்போதைக்கு உங்களுக்குக் காலி ஸ்பாம் டப்பா போதும். விளிம்பு கத்தி மாதிரி இருக்கும், சின்னவன் கைக்கு எட்டாமல் வையுங்கள். டப்பாவுக்குள் பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் வெளியே தொங்கும்படி விரித்து, முதலில் ஸ்பாம், அதன் மேல் ஒரு சிட்டிகை ஃபுரிகாகே (சோற்றில் தூவும் ஜப்பானியப் பொடி), மேலே 110 கிராம் சோறு. நனைத்த கரண்டியின் பின்பக்கத்தால் மூலைகளை முதலில் அழுத்தி, பிறகு நடுவை அழுத்துங்கள். மூலை இறுகவில்லை என்றால் முதல் கடியிலேயே உடையும். அழுத்தம் மிஞ்சினால் மோச்சி மாதிரி களியாகிவிடும். தாளோடு தூக்கி வெளியே எடுத்து, நோரியின் நடுவில் ஸ்பாம் மேலே வரும்படி வைத்து, இரண்டு பக்கமும் இழுத்துச் சுற்றுங்கள். ஓரத்தில் ஒரு சோற்றுப் பருக்கையை நசுக்கினால் அதுதான் பசை. சுற்றிய வாய் கீழே இருக்கட்டும்.

(காவாய் தீவில் பார்பரா ஃபுனமுரா 1980களின் தொடக்கத்தில் இதை முக்கோணமாகத்தான் பிடித்தார் என்றும், பெட்டி அச்சு பிறகுதான் வந்தது என்றும் சொல்வார்கள். இதைக் கண்டுபிடித்தவர் என்று பெரும்பாலும் அவரைத்தான் குறிப்பிடுவார்கள். அச்சு இல்லையே என்று கவலைப்படாதீர்கள் என்பதற்காகச் சொன்னேன்.)

சூடு பறக்கும்போது பிளாஸ்டிக் தாளில் சுற்றினால் உள்ளே நீர் கோத்து நோரி நனைந்த காகிதமாகக் கிழியும். முழுக்க ஆறவிட்டால் நோரி சோற்றோடு சேராமல் ரப்பராகி, கடித்தால் மொத்தமாக உருவிக்கொண்டு வரும். கை பொறுக்கிற வெதுவெதுப்பில் சுற்றுங்கள். கடையில் கிடைக்கும் முசுபியின் நோரியும் மெத்தென்றுதான் இருக்கும். மொறுமொறுப்பு வேண்டும் என்று பையன் கேட்டால் ஜப்பான் சோற்று உருண்டை ஓனிகிரியை வாங்கிக் கொடுங்கள்.

ஆட்டம் ஒன்பது மணிக்கு என்றால் ராத்திரியே செய்து வைக்காதீர்கள். வெளியில் வைத்த சோற்றுக்கு இரண்டு மணி நேரம்தான் கணக்கு, வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒன்று. ஆட்டம் முடிகிற நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு சுற்ற ஆரம்பியுங்கள். ஐஸ் பெட்டியில் வைத்தால் என்ன ஆகும் என்பது அந்த ஏழு முசுபியில் நம் இரண்டு பேருக்கும் தெரியும். மிஞ்சினால் அன்றைக்கே ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் பிளாஸ்டிக்கைப் பிரித்து ஈரக் காகிதத் துண்டில் சுற்றி மைக்ரோவேவில் முப்பது நாற்பது விநாடி. உள்ளே நன்றாகச் சூடேற வேண்டும், சோறு திரும்ப இளகிவிடும். இதை அன்றைக்கே டப்பா மேல் ஒரு சீட்டில் எழுதி ஒட்டியிருந்தால் நானும் சாப்பிட்டிருப்பேன்.

பையன் எந்த இடத்தில் ஆடுகிறான், கோல்கீப்பரா இன்னும்? இங்கே பதில் எழுத வேண்டாம், எனக்குத் தனியாக அனுப்புங்கள்.

குக்கர் கப்பைத் தபாலில் போட்டிருக்கிறேன். என்னுடையதுதான், பக்கத்தில் 180 என்று பேனாவால் பெரிசாக எழுதியிருக்கிறேன். அச்சைக் கேட்காதீர்கள், அதை இப்போதைக்குக் கொடுப்பதாக இல்லை.