ஸ்டெல்லாவைப் பார்த்து முடித்தேன்

அன்புள்ள கலைக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கு நானும் ஆச்சியும் நலம். நீ பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்ட பழைய ஹாலிவுட் படங்களை எல்லாம் பார்த்துவிட்டேன். கடையைச் சாத்திவிட்டு வந்து, மறுநாள் கொடுக்கவேண்டிய ஜாக்கெட்டுகளுக்குக் கொக்கி வைத்துக்கொண்டே பார்த்தேன். நீ தமிழில் எழுத்துப் போட்டிருந்ததால் ஒரு வரி விடாமல் புரிந்தது. ஊமைப் படங்களுக்கு அதுகூடத் தேவைப்படவில்லை. அந்தப் பெண்களின் முகமே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது.

மகள் நன்றாக வாழவேண்டும் என்று தானே ஒதுங்கிக்கொள்கிற அம்மாவின் கதை, 'ஸ்டெல்லா டல்லாஸ்'. அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லும்போது, "அதைப் பார்க்கும்போதெல்லாம் உன்னைத்தாம்மா நினைச்சுக்குவேன், நீயும் அப்படித்தானே எனக்காக" என்று சொல்லி அழுதாய். அப்போது நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல நிறைய இருக்கிறது. போனில் அது முடியாது, நீ இடையில் அழுதுவிடுவாய்.

முதலில் துணிமணியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் கண் அங்கேதான் போகும். 1927-இல் வந்த 'இட்' படத்தில் கிளாரா போ ஒரு பெரிய கடையில் விற்பனைப் பெண். ரிட்ஸ் ஹோட்டலில் சாப்பிடப் போகவேண்டும், போட்டுக்கொள்ள நல்ல உடுப்பு இல்லை. வேலைக்குப் போட்டுக்கொண்டு போன அதே கவுனின் கழுத்தைக் கத்தரியால் வெட்டி இறக்கி, ராத்திரி விருந்துக்குப் போகிற உடுப்பாக மாற்றிவிடுகிறாள். எல்லாரும் சிரிக்கிற இடம் அது. எனக்கு நெஞ்சு பதறியது. ஒரு வெட்டுத் தவறினால் மறுநாள் வேலைக்குப் போட்டுக்கொள்ள ஒன்றும் கிடையாது. அந்தத் துணிச்சல் கையில் துணி பிடித்துத் தைக்கிறவளுக்குத்தான் தெரியும்.

1916-இல் லோயிஸ் வெபர் எடுத்த 'ஷூஸ்' அதைவிடப் பொல்லாதது. வாரம் 5 டாலர் சம்பளத்துக்குக் கடையில் நாள் முழுக்க நிற்கிற பெண், ராத்திரி வீட்டுக்கு வந்து அட்டையை வெட்டித் தேய்ந்த செருப்புக்குள் வைத்துக்கொள்கிறாள். மழை பெய்தால் அந்த அட்டை ஊறிப்போகும். கடைசியில் ஒரு ஜோடி ஷூவுக்காகத் தன்னையே விட்டுக்கொடுக்கிற நிலைக்கு வந்துவிடுகிறாள். அந்த அட்டையை அளவெடுத்து வெட்டுகிற கையைப் பார்த்தாயா? இதையெல்லாம் வெறுமனே கற்பனையாக எடுத்துவிட முடியாது, கலை. எங்கே தேயும், எங்கே கிழியும் என்று பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் எடுத்த படங்கள் இவை. நடித்தவர்களும் அப்படித்தான். கிளாரா போ புரூக்ளினில் வறுமையில் வளர்ந்தவள். ஜோன் கிராஃபோர்டின் அம்மா சலவைக் கடையில் பாடுபட்டவர். பார்பரா ஸ்டான்விக் சின்ன வயதிலேயே தாயை இழந்து, ஒவ்வொரு வீடாக மாறி வளர்ந்தவள். பணக்கார வீட்டு வாசலில் தயங்கி நிற்கிற பெண்ணாக நடிக்க இவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது. அந்தக் காலத்துக் கடைப் பெண்களும் ஆலைப் பெண்களும் சில்லறைக் காசு கொடுத்து டிக்கெட் வாங்கி வந்து பார்த்து அழுதார்கள் என்றால், தங்களையே பார்த்துத்தான் அழுதிருப்பார்கள்.

நீ தரம் பிரித்து எழுதியிருந்த தாளில், 'பணக்காரப் பையன், ஏழைப் பெண், ஒரே கதை' என்று ஓரத்தில் குறித்திருந்தாய். எனக்கு அப்படித் தெரியவில்லை. திரும்பத் திரும்ப வருவது காதல் இல்லை. அந்த ஏழைப் பெண் சொல்கிற ஒரு பொய்தான்.

'மை பெஸ்ட் கேர்ள்' படத்தையே எடுத்துக்கொள். அதுவும் 1927. மேரி பிக்ஃபோர்ட் சரக்கறையில் வேலை பார்க்கிற பெண். கூட வேலை பார்க்கிற பையன் முதலாளியின் மகன் என்று தெரியாமல் பழகுகிறாள். தெரிந்த பிறகு பையனின் அப்பா பணத்தை நீட்டி, விலகிக்கொள் என்கிறார். அவள் என்ன செய்கிறாள்? உதட்டில் சாயத்தை அப்பிக்கொண்டு, காசுக்காகத்தான் உன்னோடு பழகினேன் என்று அந்தப் பையன் முன்னால் ஆடிக் காட்டுகிறாள். பாதியில் உடைந்துபோய் அழுகிறாள். நல்லவேளை, அந்தக் கதை சுபமாக முடிகிறது. (ஜோடியாக நடித்த சார்லஸ் ரோஜர்ஸும் மேரியும் 1937-இல் நிஜமாகவே கல்யாணம் செய்துகொண்டார்களாமே, உன் குறிப்பில் படித்துச் சந்தோஷப்பட்டேன்.)

அடுத்து 'பொசெஸ்ட்', 1931. ஜோன் கிராஃபோர்ட் அட்டைப்பெட்டி ஆலையில் வேலை பார்க்கிறவள். ஆலை விட்டு வரும்போது ஒரு ரயில் அவள் முன்னால் மெதுவாக ஊர்ந்து போகிறது. ஒரு ஜன்னலில் சமையல்காரர்கள், ஒரு ஜன்னலில் பட்டு உள்ளாடைக்கு இஸ்திரி போடுகிற வேலைக்காரி, இன்னொன்றில் கட்டிக்கொண்டு நடனமாடுகிற ஜோடி. அவள் நின்ற இடத்திலேயே நிற்கிறாள், அந்த வாழ்க்கை ஒவ்வொரு ஜன்னலாக நகர்ந்து போகிறது. இந்த ஒரு காட்சியை நிறுத்தி நிறுத்தி மறுபடியும் பார்த்தேன். பிறகு நியூயார்க் போய், கிளார்க் கேபிள் நடிக்கிற வக்கீலோடு கல்யாணம் ஆகாமலே வாழ்கிறாள். அவன் கவர்னர் பதவிக்கு நிற்கப் போகிறான், தன்னால் அவனுக்குக் கெட்ட பேர் வரும் என்று தெரிந்ததும், "நான் ஊர்ப் பையனைக் கட்டிக்கப் போறேன்" என்று பொய் சொல்லி விலகுகிறாள்.

ஸ்டெல்லாவும் அதைத்தான் செய்கிறாள். ஆலைத் தொழிலாளி வீட்டில் பிறந்து, வசதியான இடத்தில் வாழ்க்கைப்பட்டு, புருஷனைப் பிரிந்து மகளை வளர்க்கிறவள் அவள். மகள் லாரல் தன்னை விட்டுவிட்டு அப்பா வீட்டுக்குப் போகவேண்டும் என்பதற்காக, சிகரெட்டைப் பற்ற வைத்துக்கொண்டு, பாட்டைச் சத்தமாக வைத்து, பத்திரிகை புரட்டிக்கொண்டு சாய்ந்து கிடக்கிறாள். எனக்குப் பழைய சிநேகிதன் எட் மன்னோடு வாழவேண்டும், நீ இடைஞ்சல் என்கிற மாதிரி நடந்துகொள்கிறாள்.

மூன்று பேரும் ஒரே வேஷத்தைப் போடுகிறார்கள் பார். பெரிய வீட்டுக்காரர்கள் அவளைப் பற்றி என்ன கேவலமாக நினைக்கிறார்களோ, அதையே அவள் உண்மை மாதிரி நடித்துக் காட்டவேண்டும். அப்போதுதான் அவள் நேசிக்கிறவர்களுக்கு வழி கிடைக்கும். பணம் இருக்கிற பக்கத்தில் யாரும் எதையும் நடிக்கவேண்டியதில்லை, எதையும் இழக்கவேண்டியதில்லை. இதை ஒரு படத்தில் பார்த்திருந்தால் கதை என்று விட்டிருப்பேன். மூன்றிலும் பார்த்தபிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை.

1934-க்குப் பிறகு தணிக்கை விதிகளைக் கடுமையாக்கிவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். 'பொசெஸ்ட்' அதற்கு முந்தியது. அதனாலோ என்னவோ, அந்தப் பெண்ணுக்குக் கடைசியில் ஒரு வாய்ப்புக் கிடைக்கிறது. எதிரிகள் கூட்டத்தில் துண்டுச்சீட்டு வீசி அவள் பேரை நாறடிக்கிறபோது, அவளே எழுந்து நின்று, நீங்கள் தேடுகிற பெண் நான்தான் என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்கிறாள். சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போகிறாள், அவன் பின்னாலேயே ஓடி வருகிறான். எனக்குப் பிடித்த படம் அதுதான், கலை. பொய்யைச் சொன்ன வாயாலேயே உண்மையையும் சொல்லிவிடுகிறாள்.

1937-இல் வந்த ஸ்டெல்லாவுக்கு அது கிடைக்கவில்லை. கிங் விடோர் எவ்வளவு நன்றாக எடுத்திருக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஸ்டான்விக்குக்கு அப்போது முப்பது வயதுதான் என்றால் நம்பவே முடியவில்லை. உடம்பு பருத்துத் தெரிய உள்ளே திணித்துக்கொண்டு, அந்த வளையல் சத்தத்தோடும் ஃபர் துணியோடும் ஹோட்டலுக்குள் நடந்து வருகிற நடை! உடுப்பு அமைத்த ஓமர் கியாமைப் பாராட்டவேண்டும். ஒவ்வொரு துணியும் தனித்தனியாகப் பார்த்தால் அழகு, எல்லாவற்றையும் ஒரே உடம்பில் போட்டதில்தான் அவளுடைய ஆசை அத்தனையும் தெரிகிறது. மகளுக்குத் தைத்துக் கொடுக்கிற கவுன்களில் அந்தக் குழப்பமே கிடையாது. அத்தனை நேர்த்தி. அவளுக்குக் கைத்தொழில் தெரியும், கலை. அந்தப் பணக்காரர்களில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை.

ரயிலில் அம்மாவும் மகளும் மேலும் கீழும் படுத்திருக்கிறார்களே, அந்தக் காட்சிக்கு வருகிறேன். பக்கத்தில் சில பெண்கள் அந்த அம்மாவின் அலங்காரத்தைக் கேலி பேசிச் சிரிக்கிறார்கள். இரண்டு பேர் காதிலும் விழுகிறது. மகள் மேலிருந்து இறங்கி வந்து, அம்மா தூங்குகிறாளா என்று பார்க்கிறாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரி இருக்கிறாள். மகள் பக்கத்தில் ஒட்டிப் படுத்துக்கொள்கிறாள். இரண்டு பேரும் விழித்தே இருக்கிறார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த இடத்தில், "நீயும் கேட்டியாம்மா?" என்று ஒருத்தி வாயைத் திறந்திருந்தால் போதும், அப்புறம் வருகிற எதற்கும் தேவையே இல்லை. உனக்கு அழுகை வந்தது கடைசிக் காட்சியில். எனக்கு இங்கேயே வந்துவிட்டது.

இதே லோயிஸ் வெபர் 1921-இல் எடுத்த 'தி பிளாட்' படத்திலும் இப்படி ஒரு அம்மாவும் மகளும். வாத்தியார் வீடு, படிப்பு இருக்கிறது, சோறு இல்லை. பெண்ணை விரும்புகிறவன் பெரிய பணக்காரப் பையன். மகளுக்குக் காய்ச்சல் கண்டபோது, பக்கத்து வீட்டு ஜன்னலில் இருக்கிற கோழியை அந்த அம்மா எடுத்துவிடுகிறாள், உடனே மனசு கேட்காமல் திரும்ப வைத்துவிடுகிறாள். மகள் எடுத்ததைத்தான் பார்த்தாள், வைத்ததைப் பார்க்கவில்லை. அந்த அரைகுறையை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் எவ்வளவு வேதனைப்படுகிறார்கள்!

கடைசிக் காட்சி. மகளுக்குப் பெரிய வீட்டில் கல்யாணம். ஸ்டெல்லா மழையில், இரும்பு வேலிக்கு வெளியே, கூட்டத்தோடு கூட்டமாக நின்று ஜன்னல் வழியாகப் பார்க்கிறாள். போலீஸ்காரர் நகரச் சொல்கிறார். இன்னும் கொஞ்சம் பார்த்துக்கொள்கிறேன் என்று கெஞ்சுகிறாள். கைக்குட்டையைப் பல்லில் கடித்துக்கொண்டு, பிறகு சிரித்த முகத்தோடு நடந்து போகிறாள். எல்லாரும் தியாகம் என்கிறார்கள். உள்ளே இருக்கிற ஹெலன், அதாவது லாரலின் அப்பா பிறகு கட்டிக்கொண்டவள், இவள் எங்காவது நின்று பார்ப்பாள் என்று ஊகித்துத்தான் திரைச்சீலையைத் திறந்தே வைக்கச் சொல்கிறாள். நல்லவள்தான். ஆனால் திரையை விலக்கத் தெரிந்தவளுக்குக் கதவைத் திறக்கத் தெரியாதா? ஒரு குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, "உள்ளே வாங்க, உங்க மகள் கல்யாணம்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? லாரலும் அம்மா எங்கே என்று ஏங்குகிறாளே தவிர, யாரையும் போய்க் கூட்டி வரச் சொல்லவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், நீ என்னை ஸ்டெல்லா என்று நினைக்காதே. நான் உனக்காக உழைத்தது உண்மை. உன்னை விட்டு ஒதுங்குவதற்காக உழைக்கவில்லை.

பூ வைத்த அன்று உன் பெரியப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பெரிய இடத்துச் சம்பந்தம். மணவறையில நானும் உங்க அக்காவும் நின்னு தாரை வார்த்துக் கொடுத்திடுதோம். நீ பந்தியைக் கவனிச்சுக்கோ" என்றார். அப்பா இல்லாத வீடு, ஊர் வழக்கம், அவர்கள் வீட்டில் என்ன நினைப்பார்களோ என்கிற கவலையில் சொன்னார். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. "இல்ல அத்தான், என் மகளை நானே கொடுக்குதேன்" என்று சொல்லிவிட்டேன். ஆச்சியும் சரி என்றுவிட்டார்கள். நீ மாப்பிள்ளையிடம் இதை இப்போதே சொல்லிவிடு. அன்றைக்கு மண்டபத்தில் வைத்து யாரும் முகம் சுளிக்கவேண்டாம். அம்மா தையற்கடை வைத்திருக்கிறாள் என்பதையும் அவர்கள் சொந்தக்காரர்கள் கேட்டால் நீயே சொல்லு. உனக்குச் சொல்லத் தயக்கமாக இருந்தால் அதையும் என்னிடம் சொல்லு. நான் தூங்குகிற மாதிரி இருக்கமாட்டேன்.

இன்னொன்று. உன் வருங்கால மாமியாரிடம் அளவு ஜாக்கெட் ஒன்று வாங்கி அனுப்பு. முகூர்த்தப் புடவைக்கு அவர்களுக்கு நான்தான் தைப்பேன். பின்கழுத்து எவ்வளவு இறக்கம் வேண்டும், கை முழங்கை வரைக்குமா, லைனிங் வைக்கலாமா என்று கேட்டு எழுது. பட்டு என்பதால் கையிடுக்கில் கொஞ்சம் தாராளமாக விட்டுத்தான் வெட்டுவேன், பிரிக்கிற மாதிரி உள்ளே துணி இருக்கும் என்று சொல்லு. ஆவணி பிறந்துவிட்டால் வேலை குவிந்துவிடும், ஆடிக்குள் வந்து சேர்ந்தால் நல்லது.

அன்புடன்,
அம்மா