கயிறு தேய்த்த இரும்பு

அன்பு மகளுக்கு,

நீ டொரண்டோவுக்குப் போன பிறகும் ஞாயிற்றுக்கிழமைக் காலை நடையை நான் விடவில்லை. லண்டன் கேம்டனில் இறங்கி, ரீஜண்ட்ஸ் கால்வாயின் கரையோடு ரீஜண்ட்ஸ் பூங்கா வரை போய்த் திரும்புகிறேன். முழங்கால் வலியால் உன் அம்மா பாதி வழியிலேயே பெஞ்சில் உட்கார்ந்துவிடுகிறாள்.

உனக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது, மேக்கிள்ஸ்ஃபீல்ட் பாலத்தடியில் இரும்புத் தூணில் ஓடிய பள்ளங்களுக்குள் விரலை விட்டு, இது என்னப்பா என்று கேட்டாய். அழகுக்காகச் செய்தது என்று அவசரத்தில் சொல்லிவிட்டேன், அது தவறு. 1820இல் இக்கால்வாய் முழுமையாகத் திறக்கப்பட்ட காலத்தில், நாம் நடக்கும் இதே பாதையில் குதிரைகள் நடந்து, நீண்ட கயிற்றால் சரக்குப் படகுகளை இழுத்துச் சென்றன. நனைந்த கயிற்றில் ஒட்டிய மணல், தூணை உரசும்போதெல்லாம் அரம்போல் அறுத்து, வார்ப்பிரும்பிலேயே விரல் புதையும் அளவுக்குத் தடம் போட்டுவிட்டது. நம் ஊர்க் கிணற்றுச் சுவரில் தாம்புக்கயிறு அறுத்த தடத்தைப் பார்த்தே வளர்ந்த எனக்கு அன்று அது தோன்றாமல் போனதே!

ஆனால் கயிறு உரசுவது ஒரு பக்கம்தான். அந்தத் தூணிலோ இரு பக்கமும் பள்ளங்கள். 1874 அக்டோபர் 2ஆம் தேதி அதிகாலையில், வெடிமருந்தும் பெட்ரோலியமும் ஏற்றிவந்த டில்பரி என்ற படகு பாலத்துக்கு நேர் கீழே வெடித்து, அதிலிருந்த மூவரும் மாண்டனர். பாலம் நொறுங்கியும் தூண்கள் தப்பின. மீண்டும் கட்டியவர்கள், தேயாத பக்கம் கயிற்றுக்கு வரும்படி அவற்றைத் திருப்பி நிறுத்தினார்கள். அந்தப் பக்கத்தையும் கயிறு விடவில்லை. தூண்களின் தலைப்பில் கோல்புரூக்டேல் என்று வார்த்த ஊரின் பெயர் இன்றும் தெரிகிறது.

கரையிலிருந்து நீருக்குள் இறங்கும் சரிவு நினைவிருக்கிறதா? ரயில் சத்தத்துக்கு மிரண்டு தண்ணீரில் விழும் குதிரைகள் ஏறி வருவதற்காக அமைத்தது. இப்போது அதில் வாத்துகள் வெயில் காய்கின்றன. அதற்குச் சற்றுத் தள்ளி ஒரு நாமக்கோழி, சுள்ளியோடு சிப்ஸ் பாக்கெட்டையும் நீலப் பிளாஸ்டிக் பட்டையையும் பின்னிக் கூடு கட்டியிருக்கிறது. கரிய உடலும் நெற்றியில் வெள்ளை நாமமுமாக, நம் ஏரிகளுக்குப் பனிக்காலத்தில் வரும் அதே பறவைதான். குஞ்சுகளுக்கு நாமம் இன்னும் வரவில்லை. தலை சிவந்து, வழுக்கையாக, பார்க்கச் சிரிப்பாக இருக்கின்றன. சென்ற வாரம் ஆறு இருந்தன. இன்று ஐந்தைத்தான் எண்ண முடிந்தது. எதிர்க்கரையில் சாம்பல் நாரை ஒன்று அசையாமல் நின்றிருந்தது. அதன்மேல் எனக்குச் சந்தேகம். உன் அம்மா அதற்காக வாதாடுகிறாள்.

டிசம்பரில் நீ வரும்போது முதலில் அந்தத் தூணின் பின்பக்கத்தைத் தொட்டுப் பார். இரும்பு சில்லிட்டிருக்கும், கையுறையை ஒரு நிமிடம் கழற்றினால் போதும்.

அன்புடன்,
அப்பா