கை உடைந்தவன் எழுதுவது

அன்புள்ள செல்வம்,

நலம்தானே? மூன்று மாதமாகப் பதில் இல்லை என்று திட்டியிருப்பாய். வலது கை உடைந்துவிட்டதடா. ஊரில் எல்லோரிடமும் சைக்கிளில் போய் விழுந்ததாகச் சொல்லி வைத்திருக்கிறேன். உனக்கு மட்டும் உண்மை: குளியலறை, சோப்புத் தண்ணீர். சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

மாவுக்கட்டோடு உட்கார்ந்த நாட்களில் பிரான்சில் நடக்கும் பாரிஸ்-ரூபே சைக்கிள் பந்தயத்தின் பழைய பதிவுகளைப் பார்த்துத் தள்ளினேன். 'கல்லு ரோட்டுல சைக்கிள் விடறவனுக்கு அறிவு இருக்குமா' என்பாயே, அதேதான். சுமார் 260 கிலோமீட்டரில் 55 கிலோமீட்டர் கல் பதித்த வயற்காட்டுப் பாதை. ரூபேயில் ஆலை வைத்திருந்த இரண்டு முதலாளிகள், தாங்கள் கட்டிய சைக்கிள் மைதானத்துக்குக் கூட்டம் சேர்க்க 1896இல் ஆரம்பித்தது. இந்தப் பந்தயத்துக்கு 'வடக்கின் நரகம்' என்ற பட்டப்பெயர் கல்லால் வந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லை. முதல் உலகப் போர் முடிந்து 1919இல் பாதையைப் பார்க்கப் போனவர்கள், குண்டு விழுந்து நாசமாகிக் கிடந்த ஊர்களைப் பார்த்துச் சொன்னது.

2016 பந்தயத்தை மட்டும் நான்கு முறை பார்த்தேன். மேத்யூ ஹேமன், ஆஸ்திரேலியாக்காரர், வயது 37. அணித் தலைவனுக்கு முன்னால் ஓட்டி, காற்றை மறைத்தே காலம் தள்ளியவர். பிப்ரவரி கடைசியில் விழுந்து கை உடைந்தது. வீட்டுக்குள் நிறுத்திவைத்த சைக்கிளை மிதித்தே பயிற்சி. ஆறு வாரத்தில் ரூபே, அதுவும் 15வது முறையாக. கடைசியில் மைதானத்துக்குள் ஐந்து பேர். ஏற்கெனவே 4 முறை வென்ற டாம் பூனன் பக்கத்திலேயே. ஹேமன் முந்திவிட்டார். அந்த முகத்தைப் பார்க்கணும்! அவராலேயே நம்ப முடியவில்லை.

ஆனால் ராத்திரி தூக்கம் வராதபோது நினைவுக்கு வருபவர் ஹேமன் இல்லை, பெல்ஜியம்காரர் யோஹான் மியூசேவ். 1998இல் இதே பந்தயத்தில், ஆரன்பெர்க் காட்டுப் பாதையின் கற்களில் விழுந்து முழங்கால் நொறுங்கி, புண் அழுகி, காலையே எடுக்க வேண்டிய நிலைக்குப் போனவர். 2000இல் இதே பந்தயத்தை ஜெயித்து வரும்போது அந்தக் காலைத் தூக்கி முழங்காலைச் சுட்டிக் காட்டினார்.

எனக்குக் கட்டுப் பிரித்தாயிற்று. முழங்கை முழுசாக மடங்கவில்லை, சீப்பு தலைக்கு எட்டவில்லை. 'போகப் போகச் சரியாகும்' என்கிறார் டாக்டர், என் முகத்தைப் பார்க்காமல். பயமாக இருக்கிறதடா. வீட்டில் சொல்லவில்லை.

சரி, அந்தப் பச்சை ஹெர்குலிஸ் இன்னும் இருக்கிறதா? மணி கேட்டாலும் கொடுத்துவிடாதே. பிரேக் விவகாரம் ஞாபகம் இருக்கிறதல்லவா?

இதை எழுத நான்கு நாள் ஆயிற்று. எழுத்து கோணலாகத்தான் இருக்கிறது, ஆனால் உன்னுடையதை விடத் தேவலை.

அன்புடன்,
ரவி