சூளைக்கு முன்பே பாழாகும் கோப்பைகள்

ஆசிரியருக்கு, வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில், கையால் செய்த கோப்பைகளை அண்டர்கிளேஸ் (கிளேஸ் எனும் கண்ணாடிப் பூச்சுக்கு அடியில் தீட்டும் வண்ணம்) கொண்டு அலங்கரிப்பது பற்றி வந்த பக்கத்தைப் படித்தோம். படங்கள் அருமை. ஆனால் செய்முறையை 'வண்ணம் தீட்டி, கிளேஸ் பூசி, சூளையில் வைக்கவும்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். வார இறுதி வகுப்புக்குப் போகிறவர்களின் கோப்பைகள் கெடுவது அந்த ஒரு வரிக்குள்தான்.

அண்டர்கிளேஸ் என்பது களிமண்ணும் நிறமியும் சேர்ந்த கலவை. சாதாரண பெயின்ட் போல நடந்துகொள்ளாது. பூசியதும் பானை முழுக்க நிறம் ஏறிவிட்டதாகத் தெரியும், சுட்ட பிறகு தூரிகைக் கோடுகள் பல்லிளிக்கும். எனவே ஒரு கோட் போதாது. கறுப்பு, கருநீலத்துக்கு இரண்டு, வெளிர் நிறங்களுக்கு மூன்று. முதல் கோட் குறுக்கே என்றால் அடுத்தது நெடுக்கே. ஈரப் பளபளப்பு அடங்கிய பிறகுதான் அடுத்தது. அவசரப்பட்டு ஒரேயடியாகக் கெட்டியாகப் பூசினால் காயும்போதே வெடித்துச் செதிலாக உரியும். உரியாமல் தப்பினாலும் அந்த இடம் தண்ணீரை உறிஞ்சாது. அதனால் மேலே பூசும் கிளேஸ் சூளையில் சுருண்டு ஒதுங்கி, மொட்டைத் திட்டுகள் விழும். தூசியும் விரல் எண்ணெயும் செய்கிற வேலையும் இதேதான். ஒருமுறை சுட்ட பாண்டத்தில் வரைவதாக இருந்தால், முதலில் ஈர ஸ்பாஞ்சால் ஒற்றித் துடையுங்கள். தூசி போகும், பாண்டம் வண்ணத்தைச் சட்டென்று இழுத்துக்கொள்வதும் குறையும்.

பூசிய வண்ணத்தைக் கீறி எடுத்து அடியிலுள்ள மண்ணைத் தெரியவைக்கும் வேலைப்பாடு வேண்டுமானால், தோல் பதத்தில், அதாவது பாதி காய்ந்து கெட்டிப்பட்ட நிலையில் இருக்கும் சுடாத பாண்டமே ஏற்றது. விரலில் வண்ணம் ஒட்டாத நேரம் பார்த்துக் கீறுங்கள். முந்தினால் கோட்டின் ஓரம் பிசிறும், பிந்தினால் சில்லு சில்லாகப் பெயரும். பிசிறை உடனே ஊதித் தேய்க்காமல், நன்றாகக் காய்ந்த பின் மென்மையான தூரிகையால் தட்டிவிட்டால் போதும்.

கீழே வரைந்தது தெளிவாகத் தெரிய, மேலே பூசும் கிளேஸ் மெல்லியதாக இருக்க வேண்டும். முக்கி எடுப்பதானால் இரண்டு மூன்று விநாடி போதும். தடித்தால் உள்ளே குமிழ்கள் சிக்கிப் பால்போல் மங்கிவிடும், கீழே வரைந்தது போச்சு! துத்தநாகம் உள்ள கிளேஸ், குரோமியமும் வெள்ளீயமும் சேர்ந்த குரோம்-டின் வகை இளஞ்சிவப்பை வெளிறச் செய்யும். குரோம் பச்சையைப் பழுப்பாக்கும். 1050 டிகிரியில் பளிச்சென்று இருக்கும் சில சிவப்புகள் 1220 டிகிரியில் காணாமலே போகும். எனவே அதே மண்ணில் செய்த சிறு வில்லையில் ஒன்று, இரண்டு, மூன்று கோட் பட்டைகளாகப் பூசி, பாதிக்கு மட்டும் கிளேஸ் போட்டு முதலில் சுட்டுப் பார்ப்பது உத்தமம். எந்தக் கடைக்காரரின் வண்ண அட்டையையும் நம்பிக் கோப்பையைச் சூளைக்கு அனுப்பாதீர்கள்.

சென்னைக்கென்று இரண்டு தனித் தொல்லைகள் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றே ஈரமாக இருப்பதால், வெளியே காய்ந்த பாண்டம் உள்ளே ஈரமாகவே இருக்கும். கன்னத்தில் வைத்துப் பாருங்கள். ஜில்லென்றிருந்தால் இன்னும் காயவில்லை. முதல் சூட்டில் 100 டிகிரிக்குக் கீழே பல மணி நேரம் வைத்திருந்து ஈரத்தை விரட்டாவிட்டால், நீராவி பாண்டத்தையே உடைத்துவிடும். இன்னொன்று உப்பான போர் தண்ணீர். காயக் காய அந்த உப்பு விளிம்பிலும் கைப்பிடியிலும் படிந்து, அங்கே வண்ணமும் கிளேஸும் சரியாகப் பிடிக்காது. கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் கேன் தண்ணீரில் கலக்குவது நல்லது.

கடைசியாக ஒரு குறை. கொலு பொம்மைக்கு அக்ரிலிக் பூசுவதில் தப்பே இல்லை, அது பார்ப்பதற்கு. ஆனால் சுட்ட மண் கோப்பையில் அக்ரிலிக் தீட்டி, வார்னிஷ் அடித்த படத்தையும் அதே தலைப்பின் கீழ் போட்டிருந்தீர்கள். அதில் காபி குடிக்கக் கூடாது. இனி இத்தகைய படங்களை வெளியிடும்போது, எத்தனை டிகிரியில் சுட்டது, ஈயம் கலக்காத கிளேஸா, உணவுக்கா அலங்காரத்துக்கா என்ற மூன்றையும் படத்தின் கீழேயே அச்சிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
மட்பாண்டப் பட்டறைப் பயிற்றுநர்கள்,
திருவான்மியூர், சென்னை.